மாப்பிள்ளை வண்டி நிற்க வேண்டிய இடம்

தம்பி,

இதை ரோட்டில் நின்றுகொண்டு படிக்காதே. சிக்னலில் சிவப்பு விழுந்ததும் போனை எடுத்துப் பார்க்கிற பழக்கம் உனக்கு உண்டென்று எனக்குத் தெரியும். பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடிக்கிற வரை தலையைத் தூக்க மாட்டாய். அதனால்தான் போனில் அனுப்பாமல் காகிதத்தில் எழுதித் தபாலில் போடுகிறேன். ரூமுக்குப் போய், கைகால் கழுவி, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. அம்மா இவ்வளவு எழுதியிருக்கிறாளே என்று பயப்படாதே. கல்யாணத்தில் ஒரு சிக்கலும் இல்லை. நித்யாவுக்கு உன்னைப் பிடித்திருக்கிறது. எனக்கு அவளை உன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருக்கிறது. உன் மாமனாருக்குக் கால் எலும்பு கூடிக்கொண்டு வருகிறது. ஆனால் அடிபட்ட அன்றைக்கு அவர் அந்த ரோட்டுக்கு ஏன் போனார் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு உன்னிடம் ஒன்று கேட்கவும் வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன். இப்போதே கேட்டால் மீதியைப் படிக்காமல் போன் போட்டுச் சண்டைக்கு வருவாய்.

நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றிய கையோடு உன் மாமனார் சபையில் எழுந்து, மாப்பிள்ளைக்கு வண்டி என் பொறுப்பு என்று சொன்னார். நாம் கேட்கவில்லை. நம் பக்கத்தில் நல்ல குடும்பம் என்று பெயரெடுத்தவர்கள் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, வந்தால் வேண்டாம் என்பதும் இல்லை. பீரோ, கட்டில், மிக்ஸியோடு அதுவும் சீர்வரிசையில் வந்து நிற்கும். மண்டபத்து வாசலில் ரிப்பன் கட்டி, பலூன் கட்டி, சீட்டில் போட்ட பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமல் நிறுத்துவார்கள். வருகிறவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் சுற்றி வந்து பார்ப்பார்கள். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தேன். சின்னப் பிள்ளையில் பீச்சில் பட்டம் வாங்கிக் கொடுத்தபோது இருந்த அதே முகம். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மாடல் பெயரைச் சொல்லிவிட்டாய். பின் சீட்டு மாடி மாதிரி தூக்கிக்கொண்டு நிற்குமே, அது. இனிமேல் சனிக்கிழமைகளில் சென்னையில் கிளம்பினால் இ.சி.ஆரில் ஒரே இழுப்பு, காபி ஆறுவதற்குள் வந்துவிடுவேன் என்று வேறு சொன்னாய். உன் அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஏன் சிரிக்கவில்லை என்று நான் அப்போது சொல்லவில்லை. கேஷுவாலிட்டி நர்ஸாக நாளும் பார்க்கிறதை நான் வீட்டில் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். டூட்டி முடிந்து வந்தால் குளித்துவிட்டு நேராக சமையலறைக்குப் போய்விடுவேன். நீ சின்னதில் ஒரு முறை, ஆஸ்பத்திரியில் அம்மா என்ன செய்வாங்க என்று டீச்சர் கேட்டதற்கு, ரசம் வைப்பாங்க என்று சொல்லியிருக்கிறாய். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப் போகிறேன். இப்போதாவது கொஞ்சம் சொல்லி வைக்கிறேன்.

ரோட்டு விபத்து என்று வருகிறவரிடம் பெயர், வயது, ஊர் கேட்டு எழுதுவோம். வருமானம் என்ன என்று கேட்க மாட்டோம். கேட்கத் தேவையும் இல்லை, காலைப் பார்த்தாலே போதும். ரப்பர் செருப்பு இருக்கும், அதுவும் ஒன்றுதான் இருக்கும், இன்னொன்று ரோட்டில் கிடக்கும். சித்தாள் வேலைக்கு மினி டெம்போவில் நின்றபடி போகிற பெண்கள் வருவார்கள். விடியற்காலையில் மீன் கூடையோடு லோடு ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போகிற வைத்திக்குப்பத்துப் பெண்கள் வருவார்கள். விழுப்புரம் பக்கத்திலிருந்து, இங்கே விலை குறைவு என்று குடிக்க வந்து திரும்புகிற பையன்கள் வருவார்கள். குடிக்கிறவன் எல்லா வீட்டிலும்தான் இருக்கிறான். வசதி இருக்கிறவன் பீச் பக்கம் ரூம் போட்டுத் தூங்கி எழுந்து, இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்புகிறான். இந்தப் பையனுக்கு விடிந்தால் வேலை. அன்றைக்கே திண்டிவனம் போய்ச் சேர வேண்டும். காரில் அடிபட்டவர்களும் வராமல் இல்லை. ஆனால் அவர்களில் பாதிப் பேர் போனில் பேசிக்கொண்டே நடந்து வருவார்கள்.

முன்பெல்லாம் இல்லாமைதான் இப்படிக் கொண்டுவந்து போடுகிறது என்று நினைத்திருந்தேன். அது அவ்வளவு சுலபமில்லை என்று போகப் போகத் தெரிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாகூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சைக்கிளில் விழுந்து வருகிறவர்களுக்கு முட்டி தேய்ந்திருக்கும், மணிக்கட்டு பிசகியிருக்கும். கட்டுப் போட்டு அனுப்பிவிடுவோம். பிறகு அந்த வீடுகளில் கொஞ்சம் காசு புழங்க ஆரம்பித்தது. பையன் கம்பெனி வேலைக்குப் போனான், தவணையில் பைக் வந்தது. அதன் பிறகுதான் தம்பி, எங்கள் வார்டில் தரையிலும் பாய் போட வேண்டியதாயிற்று. பாடுபட்டு ஒரு படி மேலே ஏறுகிற குடும்பம் அந்தப் படியில்தான் பிள்ளையைப் பறிகொடுக்கிறது. இன்னும் ஒரு படி ஏறிக் கார் வாங்கிவிட்டால் அவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். அந்தக் கார் அவர்களுக்குப் பின்னால் ஏறி வருகிறவன் மேல் போய் மோதுகிறது. நம் தெருக்கோடி வீட்டு சொல்தா மாமா, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்குகிறவர், இதைக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். அவர் பிரான்சில் இருந்த ஊரில் ஒரு முனையில் ரெண்டு பேர் அடுத்தடுத்து அடிபட்டால் வந்து அந்த முனையையே மாற்றிக் கட்டுவார்களாம். "இங்க என்னா பண்றோம்? செத்தவனுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்கிறோம். அந்த பேனர் அடுத்து வர்றவனுக்கு முனைய மறைக்குது" என்றார். அவர் எதற்கெடுத்தாலும் பிரான்சு பாட்டுப் பாடுகிறவர்தான். ஆனால் அந்த பேனர் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான்.

போன வருஷம் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை என்று ஏன் சொல்கிறேன் என்றால், கூட வந்த பெண் கழுத்தில் தாலிக்கயிற்று மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. மாமனார் வீட்டு விருந்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்கள், மாமனார் கொடுத்த வண்டி. அவள் கையில் சிராய்ப்புதான். அவனுக்குத் தலை. வண்டியோடு கொடுத்த ஹெல்மெட் எங்கே என்று அவனுடைய அப்பாவைக் கேட்டேன், ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. பீரோ மேல் கவரோடு இருக்கிறது, புதுசு என்று எடுத்து வைத்திருக்கிறோம் என்றார். அந்தப் பையன் பிழைக்கவில்லை. நீ மாடல் பெயரைச் சொன்னபோது எனக்கு அந்தப் பீரோதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அதனால் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். நிச்சயதார்த்தம் முடிந்த அடுத்த வாரம், உன் அப்பாவைக் கிளப்பிக்கொண்டு ஸ்கூட்டரில் உன் மாமனார் வீட்டுக்குப் போனேன். உன் அப்பா ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் கையில் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர், அவருக்கு முழங்கை மட்டும் எந்த விபத்திலும் பத்திரமாக இருக்கும். அன்றைக்குத் திட்டித் தலையில் போட வைத்தேன். பூ, பழம் வாங்கிக்கொண்டு நல்ல நேரம் பார்த்துத்தான் போனோம். உட்கார்ந்ததும் நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"சம்பந்தி, மாப்பிள்ளைக்கு வண்டி வேணாம்."

அந்த மாடல் பிடிக்கவில்லையா என்று அவர் கேட்டார். அதெல்லாம் இல்லை, பைக்கே வேண்டாம், அவனுக்கு அது சரிப்படாது என்றேன். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. பந்தக்கால் நடப் போகிற வீடு. கூடத்தில் அந்தப் பெண் நிற்கிறாள். அங்கே உட்கார்ந்துகொண்டு அடிபட்டவன், செத்தவன், தாலிக்கயிறு என்று எந்த வாயால் பேசுவேன்? சுப காரியம் பேசுகிற இடத்தில் அந்தச் சொல்லே வரக் கூடாது என்று வளர்ந்தவள் நான். ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் சொல்கிற வார்த்தைதான், அங்கே நாக்கு எழவில்லை. அவர் உள்ளே திரும்பிக் காபி போடச் சொன்னார். பிறகு, "புரியுது சம்பந்தி" என்றார். காபி வந்தது. குடித்தோம். திரும்பி வருகிறபோது நோணாங்குப்பம் பாலத்தில் உன் அப்பா, அவர் முகம் சரியில்லையே என்றார். உங்களுக்கு எப்போதும் சந்தேகம்தான் என்று நான் எரிந்து விழுந்தேன். பெரிய காரியம் முடித்த மாதிரி அன்றைக்கு ரெண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

அவர் என்ன புரிந்துகொண்டார் தெரியுமா? சென்னையில் கை நிறையச் சம்பாதிக்கிற மாப்பிள்ளை, பைக் அவருக்குச் சரிப்படாது என்று மாப்பிள்ளையின் அம்மாவே வீடு தேடி வந்து சொல்கிறாள், அதுவும் பூ பழத்தோடு வந்து. கார் கேட்கிறோம் என்று நினைத்துவிட்டார். நினைக்க மாட்டாரா? நம் பக்கத்தில் கார் வேண்டுமென்று யாரும் கேட்பதில்லை, பைக் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் நம்மைப் பார்த்து ஒருவர் அப்படி நினைப்பார் என்று தோன்றவில்லை. நம்மை நாமே நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டால் இந்த மாதிரிக் கண் தெரியாமல் போய்விடும் போலிருக்கிறது.

அவர் ஒயிட் டவுனில் ஒரு ஹோட்டலில் தோட்ட வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். விளைச்சலை நம்பி இருக்க முடியாமல்தான் தினமும் பழைய மொபெட்டில் அவ்வளவு தூரம் வந்து, வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிற காகிதப்பூச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ரோட்டோரமாக இருக்கிற விளைநிலத்தை, அந்தக் கொல்லையை, விற்க ஆள் பார்க்கக் கடலூர் ரோட்டில் தவளக்குப்பம் பக்கம் ஒரு புரோக்கரிடம் போயிருக்கிறார். பேசி முடித்துத் திரும்பும்போது, நடுவில் டிவைடரில் இடைவெளி விட்ட சந்தில் மொபெட்டை நுழைத்திருக்கிறார். முறையாகத் திரும்புகிற இடம் வெகுதூரம் தள்ளி இருக்கிறது, ஊர்க்காரர்கள் எல்லாரும் அந்தச் சந்தில்தான் நுழைவார்கள். கார் வந்து அடித்துவிட்டது.

நான் பகல் டூட்டியில் இருந்தேன். ஸ்ட்ரெச்சரில் ஒற்றைச் செருப்பைத்தான் முதலில் பார்த்தேன். பிறகுதான் முகம். அவருக்கு நினைவு இருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், சம்பந்தி முன்னால் படுத்திருக்கக் கூடாதாம். தோளைப் பிடித்து அழுத்தினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாப்ளைக்குக் காரு வந்துடும் சம்பந்தி. கொல்லைக்கு ஆளு பாத்துட்டேன். கல்யாணத்த மட்டும் தள்ளிப் போட்றாதீங்க."

கால் எலும்பு வெளியே தெரிகிற நிலையில் ஒரு மனுஷர் என்னிடம் தவணை கேட்கிறார். டாக்டரைக் கூப்பிட்டேன், ரத்தம் ஏற்றினோம், தியேட்டருக்கு அனுப்பினோம். பிறகு துணி அலமாரிக்குப் பின்னால் போய் அழுதேன்.

அடித்த காரில் வந்த பையனும் வெளியே உட்கார்ந்திருந்தான். நெற்றியில் ஒரு பிளாஸ்திரி. சட்டை கசங்கவில்லை. அவனைப் பார்த்ததும் நாலு வார்த்தை நன்றாகக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். உன் வயசு இருக்கும், கழுத்தில் கம்பெனி கார்டு தொங்குகிறது, கையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு குடிக்காமல் அழுதுகொண்டிருக்கிறான். திடீர்னு குறுக்க வந்துட்டாரும்மா என்றான். அது உண்மையும்தான். அவன் கெட்டவனில்லை. நாளைக்கு நீ கார் வாங்கினால் நீயும் அவன்தான். அந்த ரோட்டை அவன் வேகத்துக்குப் போட்டிருக்கிறார்கள், ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வாழ்கிறவர்கள் அதைக் குறுக்கே கடந்தாக வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அவன் அடுத்த வாரம் ஆபீசுக்குப் போயிருப்பான், கார் பட்டறையிலிருந்து புதுசாக வந்திருக்கும். உன் மாமனார் இடத்தில் ஹோட்டலில் வேறு ஆள் தண்ணீர் விடுகிறார். ரெண்டு பேரும் ஒரே இடத்தில்தான் மோதிக்கொண்டார்கள்.

உனக்கு ஒன்று நினைவிருக்கிறதா? பீச் ரோட்டில் சாயங்காலமானால் வண்டி விடாமல் தடுப்புப் போட்டுவிடுவார்களே, உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போவோம். கையை விட்டதும் ரோட்டின் நடுவில் குறுக்கும் நெடுக்கும் ஓடுவாய். அங்கே மட்டும்தான் நான் உன் கையை விடுவேன். ஒரு நாள் திரும்பி வந்து, நம்ம கதிர்காமத்துல எப்பம்மா ரோட்ட மூடுவாங்க என்று கேட்டாய். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தோம். அது சிரிக்கிற கேள்வி இல்லை என்று இப்போது தோன்றுகிறது. காற்று வாங்க வருகிறவர்கள் நடப்பதற்கு ரோட்டை மூட முடிகிறது. வேலைக்குப் போகிறவர்கள் கடப்பதற்கு ஒரு இடத்தில் வேகத்தைக் குறைக்க முடியவில்லை.

ஆப்பரேஷன் முடிந்த மறுநாள் நித்யாவிடம் பேசினேன். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் தன் அப்பாவுக்கு இளநீர் வாங்கி வந்து டம்ளரில் ஊற்றிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்.

"வேணாம்னு சொன்னீங்க அத்த. ஏன் வேணாம்னு சொல்லியிருந்தா எங்கப்பா வீட்லயே இருந்திருப்பாரு இல்ல?"

அவளை வெளியே அழைத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மாப்பிள்ளைப் பையன், பீரோ மேலிருந்த ஹெல்மெட், அந்தப் பெண்ணின் தாலிக்கயிறு, எல்லாம். கல்யாணப் பெண்ணிடம் சொல்லக் கூடாததை எல்லாம் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். நடுவில் என் கையைப் பிடித்தாள். கடைசியில், இதை உன்னிடம் அவள் சொல்லப் போவதில்லை என்றும் நானே சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். நாளைக்குப் பெரிதாக எதுவும் வந்தால், அவளிடம் கேட்டுக்கொண்டு செய். நீ நான் பெற்ற பிள்ளைதான், ஆனாலும் சொல்கிறேன், உனக்கு அவள் கிடைத்தது அதிர்ஷ்டம்.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். உன் மாமனார் இன்னும் விடவில்லை. கார் வேண்டாம் என்று நான் காலில் விழாத குறையாகச் சொன்ன பிறகு, அப்படியானால் மாப்பிள்ளை ஆசைப்பட்ட பைக்கையாவது என்று தன் மச்சானை ஷோரூமுக்கு அனுப்பப் பார்க்கிறார். வாசலில் வண்டி நிற்காவிட்டால் ஊர் என்ன பேசும் என்று அவருக்குக் கவலை. நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார், என் வாய்க்கு அங்கே மதிப்புப் போய்விட்டது. நீ வா. வருகிற சனிக்கிழமை பஸ்ஸில் வா. அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி வேண்டாம், கொல்லையை விற்க வேண்டாம் என்று நீயே சொல். வேண்டாம் என்பதோடு நிறுத்தாதே, ஏன் என்றும் சொல். நல்ல காரியத்துக்கு முன்னால் இதெல்லாம் பேசலாமா என்று யாராவது தடுத்தால், என் அம்மா பேசாமல் இருந்து பார்த்துவிட்டாள் என்று சொல்.

உனக்கு அந்த வண்டி மேல் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். உன் வயதில் எனக்குப் பிடித்த ஒரு பச்சைப் புடவைக்காக நான் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவள். பிற்பாடு உன் சம்பளத்தில் நீ என்ன வாங்கினாலும் நான் குறுக்கே வர மாட்டேன். கார் வாங்கினால் அதில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு நான்தான் உன்னை நச்சரித்துக்கொண்டே வருவேன், டிவைடர் சந்து வருது, மெதுவா போடா என்று. அதுவரைக்கும் சனிக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரமாகத் தூங்கிக்கொண்டு வா. காபி ஆறினால் சுட வைத்துக் கொடுக்கிறேன்.

மண்டபத்துக்காரரிடம் பேசிவிட்டேன். பெண்ணைப் பெற்றவர் வாசலில் நின்று எல்லாரையும் கைகூப்பி அழைக்க வேண்டும், ஆனால் கல்யாணத்துக்குள் உன் மாமனாரால் எழுந்து நிற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது வேறு அவருக்கு வருத்தம். வாசலில் வலது பக்கம், மாப்பிள்ளை வண்டியை ரிப்பன் கட்டி நிறுத்துகிற இடம் காலியாகத்தான் இருக்கும். அங்கே கை வைத்த நாற்காலி ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன், அவர் உட்கார்ந்தபடியே எல்லாரையும் அழைக்கட்டும். மாப்பிள்ளை அழைப்பில் நீ வந்து இறங்கும்போது ஊர் வழக்கப்படி, வண்டி எங்கே என்று யாராவது கேட்பார்கள். நீ அவர் பக்கத்தில் போய் நில்.

அம்மா